கால் பாவாத வக்கீல்கள்

கிண்டியில், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஆலங்கட்டி ஏர் கூலர்ஸ் என்றொரு கம்பெனி. அதன் மூன்றாவது மாடியில் இருக்கும் சட்டப் பிரிவுக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்த அன்றைக்கு வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கம்ப்யூட்டர் திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லா மாடிக்கும் கேசரி கொடுத்து, எம்.டி. கையாலேயே சுவிட்சைப் போடவைத்து, ஒரு கல்யாண வீட்டுக்குக் குறைவில்லாமல்தான் எல்லாம் செய்தார்கள். மாப்பிள்ளை என்றால் ஆள் கிடையாது, செயற்கை நுண்ணறிவு. விற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, யார் வாயிலும் நுழையவில்லை. ஆளாளுக்கு அதைத் தாங்கு தாங்கென்று தாங்கியதையும், கூலர் செய்கிற கம்பெனியில் அதற்கென்று தனி அறை ஒதுக்கி ஏசி வாங்கிப் போட்டதையும் பார்த்துவிட்டு, கிளார்க் மாசிலாமணி, "என்னப்பா இது, மாப்பிள்ளை வந்து இறங்குன மாதிரி இல்ல இருக்கு" என்றார். அது ஒட்டிக்கொண்டது.

அந்தக் கம்பெனி போடுகிற எந்த ஒப்பந்தமானாலும் நீலாயதாட்சியின் மேஜையைத் தாண்டித்தான் போகும் என்பது அவளுக்கு ஒரு நரைமுடிகூட இல்லாத காலத்திலிருந்து நடைமுறை. நாகப்பட்டினத்துக்காரி, படிக்கிறபோது உதடு அசையாது, ஆனால் எங்கேயாவது ஒரு வரி உதைத்தால் மூக்கு மட்டும் லேசாகச் சுருங்கும், அந்த மூக்கைப் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீல்கள் வேர்த்துப்போன கதைகள் உண்டு. அவள் ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கிற டீலர் ஒப்பந்தத்தை மாப்பிள்ளை காபி ஆறுவதற்குள் படித்து, எந்த வரி ஆபத்து, எந்த வரி வெத்து என்று வண்ணம் தீட்டிக் கொடுத்துவிட்டது. யாரும் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை, சம்பளத்திலும் கை வைக்கவில்லை, வணக்கம் சொல்கிறவர்கள் வணக்கம் சொன்னார்கள். வேலை மட்டும் அவள் மேஜைக்கு வரவில்லை. அப்படியே சில மாதம் போனபிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காபி வாங்க வரிசையில் நிற்கும்போது, பின்னால் நின்ற அக்கவுண்ட்ஸ் சுகுமார், "மேடம், கால்" என்றான். குனிந்து பார்த்தாள். அவள் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு துடைப்பக் குச்சி போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

அவள்தான் முதல் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அரண்மனைக்காரன் தெருவில் இருக்கிற பெரிய பெரிய வக்கீல் கம்பெனிகளில் எல்லாம் அதற்கு முன்பே ஜூனியர்கள் கிளம்பிவிட்டார்கள். பழைய தீர்ப்புகளைத் தேடி ராப்பகலாகப் புரட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள், அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதும் ஒவ்வொருவராக எழும்பி, சீலிங்கில் முதுகு உரச, கறுப்புக் கோட்டோடு மிதந்துகொண்டிருந்தார்கள். முதலில் டாக்டர்களிடம் போனார்கள்; டாக்டர்கள் பிரஷர் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று அனுப்பினார்கள். பிறகு ஊர் அதன் போக்கில் பழகிக்கொண்டது. நீதிபதியின் ஆசனத்துக்கு மேலே எந்த வக்கீலும் மிதக்கக் கூடாது என்று பார் அசோசியேஷன் தீர்மானம் போட்டது. மெட்ரோவில் மிதக்கும் பயணிகள் கம்பியைப் பிடித்துக்கொள்ளவும் என்று அறிவித்தார்கள். யாரும் தொடாமல் கிடந்த தடித்தடியான சட்டப் புத்தகங்களுக்குத் திடீரென்று மவுசு வந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். பெண் வீட்டுக்காரர்கள், வக்கீல் மாப்பிள்ளை என்றதும், சிகரெட் குடிப்பாரா என்று கேட்பதை விட்டுவிட்டு, "தம்பிக்குக் கால் தரையிலதானே இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கத்திப்பாரா பாலத்தில் காற்று அதிகம் என்பதால் ஆட்டோக்காரர்கள், "அம்மா, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோங்க, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்கள்.

நீலாயதாட்சியின் வீட்டில் அவள் கணவர் சிவகுருநாதன் ஒரு வாரம் திகைத்தார், அப்புறம் குஷியாகிவிட்டார். "நீலா, அப்படியே அந்த பரண்ல இருக்கிற இட்லிப் பானையை எடுத்துடேன்" என்பார். "ஒட்டடை எவ்வளவு தொங்குது பாரு, மேலதானே இருக்க" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் கப்பல் கம்பெனிக்காரனையே கலங்கவைத்தவளை ஒட்டடை அடிக்கச் சொன்னால் வராதா?

ஆபீசில் சட்டப் பிரிவு ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சீலிங்குக்குப் போய்விட்டார்கள். ஹெச்.ஆர். ஃபேன்களைக் கழற்றச் சொல்லிவிட்டது. மேலே போனவர்கள் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு டியூப் லைட் ஓரமாக ஒரு இடம் பிடித்து, கயிறு கட்டி டிபன் பாக்ஸை மேலே இழுத்து, ஒருவர் புளியோதரையை ஒருவர் பிடுங்கித் தின்று, உலகக் கதை பேசிக் கொட்டமடித்தார்கள். நீலாயதாட்சி மட்டும் போகவில்லை. புடவைத் தலைப்பை மேஜை டிராயர் கைப்பிடியில் இறுக்கி முடிச்சுப் போட்டு, தரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு, நாள் முழுக்க ஒரே ஒரு ஜோடிக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ரோஸ்லினின் கால்கள். ரோஸ்லின் தூத்துக்குடிப் பெண். நீலாயதாட்சியைவிடப் பதினைந்து வயதாவது இளையவள், சேர்ந்து நாலைந்து வருஷம்தான் இருக்கும். மாப்பிள்ளையிடம் எதை எப்படிக் கேட்டால் என்ன வரும் என்று அவள் ஒருத்திதான் பிடித்துக்கொண்டாள். கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சி, மிரட்ட வேண்டிய இடத்தில் மிரட்டி, சொன்னதையே வேறு மாதிரிச் சொல்லி, அதனிடம் வேலை வாங்கினாள். மூன்றாவது மாடியின் மொத்த வேலையும் அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. அதனால் அவள் கால்கள் ஜம்மென்று தரையில் இருந்தன. குதிகால் வைத்த செருப்பு. காலையில் லிஃப்டை விட்டு இறங்கியதும் டக், டக், டக் என்று வராந்தாவெல்லாம் கேட்கும். நீலாயதாட்சிக்கு அந்தச் சத்தம் காதில் விழாது, வயிற்றில்தான் விழும். இன்னொருத்தியிடம் புருஷனைப் பறிகொடுத்தவள்கூட அந்த இன்னொருத்தியை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். அவள் நன்றாக இருக்கட்டும், ஆனால் எனக்கு முன்னால் நடக்காமல் இருக்கட்டும் என்று முதலில் நினைத்தாள். பிறகு முதல் பாதியை விட்டுவிட்டாள்.

ரோஸ்லின் கெட்டவளாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவளோ தினமும் வந்து, "எக்கா, தலைப்பு ரொம்ப இறுக்குதா? தண்ணி எடுத்துத் தரட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த இரக்கத்தில் நீலாயதாட்சி இன்னும் ஒரு சாண் மேலே போனாள்.

அந்த நேரத்தில்தான் சட்டப் பிரிவின் தலைவர் வரதன் சார் ஓய்வுபெறப் போகிறார் என்று சேதி வந்தது. அடுத்தது யார்? பத்து வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த பதில் நீலாயதாட்சி. இப்போது யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. போர்டு மீட்டிங்கில் தலைவர் கால் தரையில் பட உட்கார வேண்டுமே என்றார்கள். ஓசூர் டீலர் ஒருவர் தன் டீலர்ஷிப்பை அநியாயமாக ரத்து செய்துவிட்டதாகக் கம்பெனி மேல் தொடுத்திருந்த வழக்கு நடுவர் முன்னால் வரவிருந்தது. இதற்கு முன்பெல்லாம் அந்த மாதிரி வழக்கைப் பெரிய வக்கீல் கம்பெனிக்குக் கொடுப்பார்கள். இப்போது வரதன் சார், "வெளியாள் எதுக்கு? மாப்பிள்ளை தயார் பண்ணட்டும், ரோஸ்லினே போய் வாதாடட்டும். ஜெயிச்சுட்டு வந்தா, என் நாற்காலி அவளுக்குத்தான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அது டிராயரில் கட்டுண்டு தொங்கிய நீலாயதாட்சியின் காதில் விழுந்தது.

அந்தப் பிரிவில் ஒரு பழைய வழக்கம் உண்டு, இரண்டாம் பார்வை என்று பெயர். எழுதியவரைத் தவிர இன்னொருவர் முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் பென்சிலால் ஒரு டிக் போட வேண்டும். ஃபைலாகத் தைப்பதற்கு முன்னால் மாசிலாமணி அந்த டிக்குகளையெல்லாம் ரப்பர் வைத்து அழித்துவிடுவார். மாப்பிள்ளை வந்த பிறகு இரண்டாம் பார்வை என்பது எழுத்துப்பிழை பார்ப்பது என்று சுருங்கிப்போனது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. ஓசூர் வழக்கின் வாதுரையை ரோஸ்லின் கொண்டுவந்து, "எக்கா, உங்க கண்ணு ஒரு தடவை பட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று நீட்டினாள்.

நீலாயதாட்சி படித்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல். அவள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாளோ, அப்படி, அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. வாதுரையின் நடு முதுகெலும்பாக ஒரு பழைய தீர்ப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் போட்டிருந்தது மாப்பிள்ளை: காரணம் காட்டாமல் டீலரை நீக்கும் உரிமை கம்பெனிக்கு முழுமையாக உண்டு என்று பிரமாதமான பத்தி. தீர்ப்பின் நகலும் பின்னால் இருந்தது. பொய்யில்லை, அந்தப் பத்தி அங்கே அச்சு அசலாக இருந்தது. ஆனால் நீலாயதாட்சியின் மூக்கு சுருங்கியது. நீதிபதிகள் தீர்ப்பு எழுதும்போது முதலில் இரண்டு பக்க வக்கீல்களும் சொன்னதை வரிசையாக எழுதுவார்கள், பிறகுதான் தங்கள் முடிவைச் சொல்வார்கள். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "மேற்கண்ட வாதத்தை எங்களால் ஏற்க இயலாது" என்று தொடங்கியது அடுத்த பக்கம். மாப்பிள்ளை எடுத்துப் போட்டிருந்தது நீதிபதியின் வாக்கு அல்ல, அந்த வழக்கில் தோற்றுப்போன கம்பெனியின் வக்கீல் பேசிய பேச்சு.

ரோஸ்லின் எதிரிலேயேதான் இருந்தாள், போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு, ஒரு காலை மறுகால் மேல் போட்டு, செருப்பை விரலில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு. ஏ ரோஸ்லின், இங்க வாடி, என்ன இது என்று கூப்பிட ஒரு நொடி போதும். மாற்றி எழுத வேண்டிய அளவு நேரமும் இருந்தது. கூப்பிட்டிருந்தால் ரோஸ்லின் ஓடிவந்து கட்டிக்கொண்டிருப்பாள், அடுத்த வாரம் ஜெயித்து வந்து தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், டக் டக்கென்று எல்லா வராந்தாவும் அவளுடையதாகியிருக்கும், நீலாயதாட்சி டிராயரிலேயே தொங்கிக்கொண்டிருந்திருப்பாள். அவள் பென்சிலை எடுத்தாள். அந்தப் பக்கத்தின் கீழ் மூலையில் மற்ற பக்கங்களில் போட்டதைப் போலவே ஒரு டிக் போட்டாள்.

போட்டு முடித்ததும் செருப்பு தரையைத் தட்டியது.

மாடியே திரும்பிப் பார்த்தது. சீலிங்கில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சுகுமார் ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கிவந்தான். ஒருத்தருக்கு இறங்கினால் எல்லோருக்கும் இறங்கும் என்று நம்பிக்கையாகப் பேசிக்கொண்டார்கள், மாசிலாமணி கற்பூரம் தேடினார். ரோஸ்லின்தான் முதலில் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "எக்கா, இறங்கிட்டீங்களா! நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தேன்க்கா" என்று அழுதேவிட்டாள். அந்த அணைப்புக்குள் நீலாயதாட்சியின் கால்கள் இன்னும் கொஞ்சம் அழுந்தின. என்ன சுகமாக இருந்தது தெரியுமா தரை! அன்று சாயங்காலம் அவள் ஆட்டோ பிடிக்காமல் ஸ்டேஷன் வரை நடந்தாள், வேண்டுமென்றே குதிகாலை ஓங்கி வைத்து. வீட்டில் சிவகுருநாதன், "அப்போ ஒட்டடை?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் லிஃப்ட் அவள் ஏறியதும் அதிக பாரம் என்று கத்தியது. உள்ளே அவள் மட்டும்தான் இருந்தாள். அதற்கடுத்த நாள் நாற்காலியின் சக்கரம் தெறித்தது. வீட்டில் ஊஞ்சல் கொக்கி வளைந்தது. எடை மெஷினில் ஏறினால் எப்போதும் காட்டுவதைத்தான் காட்டியது, ஆனால் மெத்தை அவள் பக்கம் பள்ளமாகி, சிவகுருநாதன் இரவெல்லாம் அவள் மேல் உருண்டு உருண்டு வந்தார். "இறங்கறதும் ஒரேயடியா இறங்குறியே" என்று அலுத்துக்கொண்டார். அவளுக்குத் தெரியும் அது என்ன பாரம் என்று. இரண்டு முறை சொல்லிவிடலாம் என்று ரோஸ்லினின் மேஜைவரை போனாள். முதல் முறை போனபோது வரதன் சார் ரோஸ்லினின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டாள். இரண்டாம் முறை யாருமில்லை. ரோஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ கேட்கப்போகிறவளைப் போல வாயைத் திறந்தாள், பிறகு, "சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். "ஒண்ணுமில்ல, சாப்டியா?" என்றாள் நீலாயதாட்சி. "சாப்டேன்க்கா" என்றாள் ரோஸ்லின்.

நடுவர் விசாரணை நடந்த ஓட்டல் அறையில் நீலாயதாட்சி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுவர் ஓய்வுபெற்ற நீதிபதி, காது கொஞ்சம் மந்தம், கண் கத்தி. ரோஸ்லின் அந்தப் பத்தியை நின்று நிதானமாக வாசித்தாள். அவர் கேட்டுக்கொண்டே நகலைப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"ஏம்மா, இது தோத்தவர் பேசினது. இதை ஏத்துக்கலைன்னு அடுத்த பக்கத்துலயே எழுதியிருக்கே. நீ அடுத்த பக்கம் படிக்க மாட்டியா?"

ஓசூர்க்காரரின் வக்கீல் சிரித்தார். அவருடைய ஜூனியர்கள் மேலே மிதந்தபடி சிரித்தார்கள். ரோஸ்லின் நகலை மூடிவைத்தாள். திரும்பி, பின்வரிசையை ஒரு தரம் பார்த்தாள். அவள் இடது செருப்பு முதலில் கழன்று விழுந்தது, பிறகு வலது, பிறகு அவள் வெறுங்காலோடு மெதுவாக எழும்பினாள். கம்பெனி டிரைவர்தான் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக் காருக்குள் ஏற்றினார்.

வழக்கு தோற்றது. வரதன் சார் கத்தினார். "இரண்டாம் பார்வை யாரு பார்த்தது?" என்று கேட்டார். மாசிலாமணி நீலாயதாட்சியைப் பார்த்தார். "எழுத்துப்பிழை மட்டும்தான் சார் பார்த்தேன். மாப்பிள்ளை படிச்சதை நான் என்னத்தைத் திரும்பப் படிக்கிறதுன்னு விட்டுட்டேன்" என்றாள் அவள். எல்லோரும் தலையாட்டினார்கள், இப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள். மாதக் கடைசியில் வரதன் சாரின் நாற்காலி அவளுக்கு வந்தது. அதற்கு இரும்பில் கால் செய்துதான் போட வேண்டியிருந்தது.

ரோஸ்லின் சீலிங்கில் போய், மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கொண்டாள். நீலாயதாட்சி அந்தப் பக்கம் ஃபைலை எடுத்துக்கொண்டு போனால் மேலிருந்து ஒரு சொட்டு விழும். கையெழுத்துப் போட்ட மை அதில் கலங்கும். அது அவளுக்கு வலித்தது. பிடித்தும் இருந்தது, மறைத்து என்ன? அப்புறம் ஒரு நாள் சொட்டு விழவில்லை. மேலே இருந்தவர்கள் ரோஸ்லினுக்கு ஒரு வாய் ஊட்டியிருப்பார்கள், அவள் ஒரு கதை சொல்லியிருப்பாள், தூத்துக்குடிக் கதைகளுக்குக் கேட்பானேன். மத்தியானமானால் மேலே சிரிப்புச் சத்தம் தாங்க முடியவில்லை. ஒருத்தி ஒருத்திக்குப் பின்னல் போட்டுவிட்டாள். பாட்டுப் பாடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு கிண்டிப் பூங்கா மரங்களுக்கு மேலாகப் போய் மான் பார்த்துவிட்டு வந்தார்களாம். இந்தப் பக்கம் நீலாயதாட்சி தனி அறையில் உட்கார்ந்து மாப்பிள்ளை தயாரித்ததில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். அவளுக்காக லிஃப்டில் யாரும் ஏறாமல் ஒதுங்கி நின்றார்கள். நடந்தால் தம் தம் என்று மாடி அதிர்ந்தது. அவள் ஆசைப்பட்ட சத்தம்தான்.

ஒரு மத்தியானம் அவளால் தாங்க முடியவில்லை. அறையைவிட்டு வந்து, டியூப் லைட்டுக்குக் கீழே நின்று, அண்ணாந்து, "ரோஸ்லின்" என்று கூப்பிட்டாள். சிரிப்பு நின்றது. ரோஸ்லின் மற்றவர்களை விட்டு விலகி, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் முகத்துக்கு நேராக இறங்கிவந்தாள். கன்னம் பூசினாற்போல் இருந்தது. நீலாயதாட்சி சொன்னாள். மனசு உருகிச் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பாரம் இறங்கும், இறங்கினால் நானும் மேலே போவேன், இவள் சிரிக்கிற இடத்தில் நானும் சிரிப்பேன் என்ற ஆங்காரத்தில் சொன்னாள்.

"நான் பார்த்தேன்டி. அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் டிக் போட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள் ரோஸ்லின்.

"எப்போ தெரியும்?"

"அந்த ஓட்டல்லயே தெரியும். நீங்களாவது, அடுத்த பக்கம் திருப்பாம விடுறதாவது." அவள் நீலாயதாட்சியின் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள். "நானும் படிச்சிருக்கணும்லக்கா. அதுக்குத்தானே எனக்குச் சம்பளம். விடுங்க. ரொம்ப நாள் உங்களை நினைச்சு நினைச்சுக் கறுவுனேன், அப்புறம் சலிச்சுப்போச்சு."

மேலே யாரோ, "ஏய் ரோஸி, மீன் வறுவல் தீரப்போகுது" என்று கூவினார்கள். "எனக்கு வைங்கலே!" என்று கத்திக்கொண்டே அவள் ஒரு உதை உதைத்து எழும்பிப் போய்விட்டாள்.

நீலாயதாட்சி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். குதிகால் எழும்புகிறதா என்று பார்த்தாள். விரலாவது எழும்புகிறதா என்று பார்த்தாள். மேலே மறுபடி சிரிப்புக் கிளம்பியது, எல்லாக் குரலுக்கும் மேலே ரோஸ்லினின் குரல். பாவி, இவளால் எப்படி முடிகிறது, எனக்கு ஏன் முடியவில்லை என்று அவள் நெஞ்சு எரிந்த எரிச்சலில், காலுக்குக் கீழே டைல்ஸ் படாரென்று விரிந்தது. இரண்டாவது மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கவுண்ட்ஸ்காரர்கள் தட்டில் விழுந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, நாற்காலிகளை ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.